குழந்தைகளின் வளர்ச்சியை அளப்பது: களத்தில் எங்கே பிசகுகிறது

ராபர்ட் செர்பெல் 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இந்தத் துறைக்குள் வருகிறவர்கள் வேறெதையும் படிக்கும் முன் அதைப் படித்துவிடுவது நல்லது. ஜாம்பியாவின் லுசாகாவிலும் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும் குழந்தைகளிடம் ஒரு மாதிரியைக் காட்டி, அதே போலச் செய்யச் சொன்னார். தாளில் பென்சிலால் வரைய வேண்டும் என்றபோது மான்செஸ்டர் குழந்தைகள் முந்தினார்கள். கம்பியை வளைத்துச் செய்ய வேண்டும் என்றபோது லுசாகா குழந்தைகள் முந்தினார்கள். பழைய கம்பியை வளைத்து வண்டி செய்து ஓட்டுவது அங்கே சிறுவர்களின் அன்றாட விளையாட்டு. களிமண் என்றபோது இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். மூன்றிலும் அளக்க நினைத்த திறன் ஒன்றுதான்: பார்த்த வடிவத்தை மனத்தில் வாங்கித் திரும்பச் செய்வது. பென்சிலையும் தாளையும் மட்டும் கொண்டுபோயிருந்தால், லுசாகா குழந்தைகளுக்கு வடிவ உணர்வு குறைவு என்றொரு முடிவு அச்சாகியிருக்கும்.

ஆகவே, இரண்டு இடத்துக் குழந்தைகளின் மதிப்பெண்ணில் இடைவெளி தெரிந்தால் எதையெதைச் சந்தேகப்படுவது என்பதற்கு ஒரு வரிசை வேண்டும். முதலில் வயது. அடுத்து அளந்த கருவி. அடுத்து அளந்த நேரமும் சூழலும். அதற்கும் பிறகு, அந்தத் திறனைப் பழகக் குழந்தைக்கு வாய்ப்பு இருந்ததா என்பது. இந்த நான்கும் கழிந்து மிஞ்சுவதுதான் குழந்தையைப் பற்றிய செய்தி. நடைமுறையில் பலர் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். தரவு மென்பொருளுக்குள் போய், இடைவெளி தற்செயலானதல்ல என்று காட்டும் நட்சத்திரக் குறியோடு வெளியே வந்ததும் காரணம் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். கீழே உள்ளவை பெரும்பாலும் மென்பொருளுக்கு முந்தைய கட்டத்தைப் பற்றியவை. பிழைகள் அங்கேதான் விளைகின்றன.

வயது

சலிப்பான வேலை, அதனாலேயே அலட்சியமாக நடக்கிறது. ஒரு மாதம் முன்பின் ஆனால் என்ன என்று தோன்றலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி, ஆண் குழந்தையின் நடு அளவு நீளம் 11 மாதத்தில் 74.5 செ.மீ., 12 மாதத்தில் 75.7 செ.மீ. அந்த வயதில் ஒரு திட்டவிலக்கம், அதாவது குழந்தைகளின் அளவுகள் நடு அளவைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதைக் காட்டும் அலகு, சுமார் 2.4 செ.மீ. வயதில் ஒரு மாதம் தவறினால் அரைத் திட்டவிலக்கம் போய்விடும். உணவோ பயிற்சியோ கொடுத்து வளர்ச்சியைக் கூட்ட முயலும் பல தலையீட்டுத் திட்டங்கள் மெனக்கெட்டு ஈட்டும் மொத்தப் பலனே அவ்வளவு இருக்காது.

தாயிடம் "குழந்தைக்கு எத்தனை மாதம்?" என்று கேட்டால் 6, 12, 18, 24 என்றே பதில்கள் குவியும். வயதைக் கேட்காதீர்கள், பிறந்த தேதிக்குச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சீட்டு என்ற வரிசையில் பாருங்கள். தடுப்பூசி அட்டையின் மேல் இருக்கும் தேதி பிறந்த தேதியா, அட்டை போட்ட தேதியா என்பதை, அதற்குக் கீழே இருக்கும் முதல் தடுப்பூசித் தேதியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். தாளே இல்லாத வீடுகளுக்கு நிகழ்வு நாட்காட்டி தேவை. ஐந்து வயதுவரை என்றால் 60 மாதம், 60 வரிசை. ஒவ்வொன்றிலும் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கிற ஒன்று: திருவிழா, தேர்தல், வெள்ளம், விதைப்பு, பள்ளி திறந்த நாள். "வெள்ளத்துக்கு முன்னாலா பின்னாலா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இவன் மூத்தவனா இளையவனா?" என்று இரண்டு பக்கமிருந்தும் நெருக்கிக்கொண்டே வர வேண்டும். கிடைத்த தேதி எந்த வழியில் கிடைத்தது என்பதைத் தனிக் கட்டத்தில் பதியுங்கள். பின்னால் ஆய்வு செய்யும்போது, சான்று உள்ளவர்களை மட்டும் எடுத்து முடிவு மாறுகிறதா என்று பார்க்க அது உதவும்.

தேதிகளிலிருந்து வயதை மென்பொருள் கணக்கிடட்டும்; கள ஆய்வாளர் மனக்கணக்காகப் போடக் கூடாது. நேபாளத்தில் விக்ரம் சம்வத், எத்தியோப்பியாவில் 13 மாத நாட்காட்டி என்று வேறு முறை வழங்கும் இடங்களில், அந்த ஊர்த் தேதியை அப்படியே எழுதிக்கொண்டு அலுவலகத்தில் மாற்றுவதே பாதுகாப்பு. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இரண்டு வயதுவரை திருத்திய வயது பார்ப்பது வழக்கம். 32 வாரத்தில் பிறந்திருந்தால் 40-லிருந்து மிச்சம் 8 வாரம். அதை நாட்காட்டி வயதிலிருந்து கழிக்க வேண்டும். இதை ஓர் ஆய்வு செய்து இன்னொன்று செய்யாமல் விட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது.

பலகை, தராசு, நாடா

இரண்டு வயதுக்குக் கீழ் படுக்கவைத்து நீளம். அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். ஒரே குழந்தையைப் படுக்கவைத்தால் நிற்கும்போது இருப்பதைவிடச் சராசரியாக 0.7 செ.மீ. கூடுதலாகக் காட்டும். எனவே நிற்க மறுக்கும் மூன்று வயதுக்காரரைப் படுக்கவைத்து அளந்தால் 0.7 கழிக்க வேண்டும். ஒன்றரை வயதுக் குழந்தையை நிற்கவைத்து அளந்துவிட்டால் 0.7 கூட்ட வேண்டும். எப்படி அளந்தோம் என்பதைப் படிவத்தில் குறிக்க இடம் இல்லையென்றால் இதில் எதுவுமே செய்ய முடியாது.

நீளம் அளக்க இரண்டு பேர் கட்டாயம். ஒருவரே சமாளிக்கலாம் என்பவர்களின் தரவை நம்ப வேண்டாம். பலகை ஆடாத சமதளத்தில் இருக்க வேண்டும். காலையில் வேலை தொடங்கும் முன், நீளம் தெரிந்த ஒரு குச்சியை வைத்துப் பலகையைச் சரிபார்க்க வேண்டும். மரப்பலகை ஈரத்தில் உப்பும், நகரும் பகுதி நாளடைவில் தளர்ந்து சாயும். குழந்தையின் பின்னல், க்ளிப், தொப்பி, காலுறை எல்லாம் எடுக்கப்பட வேண்டும். உதவியாளர் தலைப்பக்கம் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் காதோடு சேர்த்துத் தலையைப் பிடித்து, உச்சி பலகையில் அழுந்தப் பதியும்படி வைக்க வேண்டும். கண்ணின் கீழ் விளிம்பையும் காதுத் துளையையும் இணைக்கும் கோடு பலகைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. முகவாய் நெஞ்சைப் பார்த்துக் குனிந்தாலும், பின்னால் அண்ணாந்தாலும் அளவு கெடும். அளப்பவர் பக்கவாட்டில் இருந்து ஒரு கையால் முழங்காலை மெதுவாக அழுத்தி நீட்டி, மறு கையால் நகர்பலகையைக் குதிகாலோடு சேர்த்துத் தள்ள வேண்டும். கால்விரல்கள் வானத்தைப் பார்க்க, பாதம் முழுதும் பலகையில் பதிய வேண்டும். பெரும்பாலும் பிசகுவது இங்கேதான்: குழந்தை கட்டைவிரலை மடக்கும், அளப்பவர் கால்விரல் நுனியில் பலகையை நிறுத்திவிடுவார். 0.1 செ.மீ. வரை வாசித்து உரக்கச் சொல்ல, எழுதுபவர் அதைத் திரும்பச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். குழந்தை உதைத்துக்கொண்டே இருந்தால் ஒரு காலை மட்டும் நீட்டி அளக்கலாம். ஆனால் அப்படி அளந்ததாகக் குறிப்பு வேண்டும்.

பிறகு குழந்தையைத் தூக்கி, சமாதானம் செய்து, இன்னொருவர் முதல் எண்ணைப் பார்க்காமல் மறுபடி அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்மைய வளர்ச்சி ஆய்வு 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நடந்தது. அதில் இருவர் அளவுகளுக்கிடையே நீளத்தில் 7 மி.மீ., தலைச்சுற்றளவில் 5 மி.மீ., எடையில் 100 கிராம் என்ற வரம்பைத் தாண்டினால் இருவருமே மறுபடி அளந்தார்கள். சிறிய ஆய்வுகளுக்கும் இதே வரம்பைப் பின்பற்றுவதில் எந்தச் சிரமமும் இல்லை. இரண்டாவது அளவை முதல் அளவைப் பார்த்து 'ஒத்துப்போகும்படி' எழுதும் பழக்கம்தான் எதிரி. இரண்டு அளவும் எப்போதும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் குழுவைக் கண்டால் பாராட்ட வேண்டாம், விசாரியுங்கள்.

எடைக்கு, தாயை நிற்கவைத்து, தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, குழந்தையைக் கையில் கொடுக்கும் முறை எளிது. மண் தரையில் தராசின் அடியில் ஒரு தடித்த ஒட்டுப்பலகை போட வேண்டும். கைச்சுற்றளவு நாடா தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் சரிபாதியில், கை தளர்ந்து தொங்கும் நிலையில். தோலைக் கவ்வவும் கூடாது, இடைவெளி விடவும் கூடாது. 6 முதல் 59 மாதக் குழந்தைக்கு 115 மி.மீ.-க்குக் கீழ் என்றால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு.

வாரம் ஒரு முறை, அளப்பவர் வாரியாகக் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 0-வும் 5-உம் சேர்ந்து 20 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். 40-ஐத் தொட்டால் அவர் கோட்டைப் பார்த்து வாசிக்கவில்லை, உத்தேசமாக எழுதுகிறார். வயதுக்கேற்ற உயர மதிப்பெண் என்பது குழந்தை தன் வயதின் நடு உயரத்திலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறது என்பது; ஆய்வின் எல்லாக் குழந்தைகளையும் சேர்த்து அந்த மதிப்பெண்ணின் திட்டவிலக்கம் 1.3-ஐத் தாண்டிப் போனால், ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசும் முன் அளவையும் வயதையும் சோதித்துவிட வேண்டும்.

கேள்வியும் பொம்மையும்

உடலளவுக்கு ஒரு சௌகரியம்: செ.மீ. எங்கும் செ.மீ.தான். அறிவு, மொழி, சமூக உறவு என்று வரும்போது அந்தச் சௌகரியம் போய்விடுகிறது.

கருவியைத் தேர்வதற்கு முன் எதற்காக என்று முடிவெடுக்க வேண்டும். யுனிசெஃப்பின் முன்பருவ வளர்ச்சிக் குறியீடான இ.சி.டி.ஐ. 2030 என்பது 24 முதல் 59 மாதக் குழந்தைகளுக்கு, தாய் அல்லது பராமரிப்பவரிடம் கேட்கும் 20 கேள்விகள். நாடு அல்லது மாநில அளவில் படம் பிடிக்க அது போதும். ஒரு குழந்தையைப் பற்றி முடிவு சொல்ல அதைப் பயன்படுத்துவது தவறு. மூன்று வயதுவரை பராமரிப்பவர் வாய்மொழியாக அறிய க்ரெடி (CREDI) என்ற கேள்விப்பட்டியல் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஜி.எஸ்.இ.டி. (GSED) என்ற வளர்ச்சி அளவுகோல் மூன்று வயதுவரைக்கும் வாய்மொழியும் நேரடிச் சோதனையும் கொண்டது. குழந்தையை நேரடியாகச் சோதிக்கும் பெய்லி அளவுகோல் நுணுக்கமானது, ஆனால் உரிமக் கட்டணம், பயிற்சி பெற்ற சோதனையாளர், அமைதியான அறை எல்லாம் கேட்கும். மெலிசா கிளாட்ஸ்டோன் குழு 2010-இல் வெளியிட்ட மலாவி வளர்ச்சி மதிப்பீட்டுக் கருவி, கிராமத்துப் பொருள்களை வைத்தே கேள்விகளை அமைத்து, அந்நாட்டுக் குழந்தைகளிடமே அளவை நிர்ணயித்தது. சொந்தக் கருவி செய்ய நினைப்பவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதை வரிசையாகப் படிக்கலாம்.

ஒரு திட்டம் பலன் தந்ததா என்று பார்க்கிற ஆய்வில் தாயின் வாய்மொழியை மட்டும் நம்புவது ஆபத்து. "குழந்தையோடு பேசுங்கள், விளையாடுங்கள்" என்று ஓராண்டு சொல்லிக்கொடுத்துவிட்டு, அதே தாயிடம் "குழந்தை என்னென்ன செய்கிறது?" என்று கேட்டால், அவர் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொண்டதும் பதிலில் சேர்ந்து வரும், என்ன பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டதும் சேர்ந்து வரும். குழந்தை மாறியிருக்க வேண்டியதே இல்லை. நேரடிச் சோதனை ஒன்றாவது, குழந்தை எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெரியாத ஒருவர் செய்ததாக இருக்க வேண்டும்.

கருவியை இன்னொரு பண்பாட்டுக்கு மாற்றும்போது முதல் வேலை மொழிபெயர்ப்பு அல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, இது எந்தத் திறனைத் தேடுகிறது என்று ஒரு வரி எழுதுவது. "படியேறுகிறானா?" என்ற கேள்வி தேடுவது ஒற்றைக்காலில் உடல் எடையைத் தாங்கி மேலே தூக்கும் வலிமையையும் சமநிலையையும். ஊரில் மாடிவீடே இல்லை என்றால் தாய் "இல்லை" என்பார். படிவத்தில் அது தோல்வியாக ஏறும். ஒரு திண்ணையிலோ பாறையிலோ ஏறுவதைக் கேட்டால் அதே திறனைப் பார்க்கலாம். இதற்கும் மேலாக, 'செய்கிறான்', 'செய்யவில்லை' என்ற இரண்டோடு 'செய்து பார்க்க வாய்ப்பே இருந்ததில்லை' என்று மூன்றாவது கட்டம் கட்டாயம் வேண்டும். கத்தரிக்கோல், முள்கரண்டி, சட்டைப் பொத்தான், புத்தகப் பக்கம், ஆளுயரக் கண்ணாடி என்று வரும் கேள்விகளில் இந்தக் கட்டம் இல்லாத படிவங்கள் பணக்கார வீட்டையும் ஏழை வீட்டையும் பிரித்துக் காட்டுகின்றன, திறனை அல்ல.

மொழிபெயர்ப்பை இருவர் தனித்தனியாகச் செய்து, மூன்றாமவர் முன்னிலையில் ஒன்றாக்குவது நல்லது. திரும்ப மூலமொழிக்கு மாற்றிப் பார்ப்பது சொற்பிழையைப் பிடிக்கும், புரிதல் பிழையைப் பிடிக்காது. அதற்குத் தாய்மார் பத்துப் பன்னிரண்டு பேரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதில் உங்களிடம் என்ன கேட்கிறோம்? உங்கள் குழந்தை எதைச் செய்ததை நினைத்து இந்தப் பதிலைச் சொன்னீர்கள்?" என்று கேட்க வேண்டும். இந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்காத திட்டங்கள் பிறகு மாதக்கணக்கில் கணினி முன்னால் அமர்ந்து தரவைப் பழுது பார்க்கின்றன. அடுத்து முன்னோட்டம்: வயது முழுவதும் பரவிய குழந்தைகளிடம் கருவியை ஓட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் வயதுக்கு எதிரே தேறியவர்களின் சதவீதத்தை வரைந்து பாருங்கள். கோடு வயதோடு ஏற வேண்டும். தட்டையாகக் கிடக்கும் கேள்வி, ஏறி இறங்கும் கேள்வி இரண்டும் எதையோ வேறொன்றை அளக்கின்றன.

எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது? படங்களை மாற்றலாம். கறுப்புக் கோட்டுச் சித்திரம் பார்த்தே பழகாத குழந்தைக்குப் புகைப்படம் அல்லது அசல் பொருள் கொடுக்கலாம். கட்டைகளின் எண்ணிக்கை, அவற்றின் 2.5 செ.மீ. அளவு, கொடுக்கும் நேரம், எத்தனை முறை காட்டலாம் என்பவற்றை மாற்றக் கூடாது. கட்டை அடுக்கும் சோதனையையே எடுத்துக்கொள்வோம். கட்டையை முதன்முதலில் பார்க்கும் ஒன்றரை வயதுக் குழந்தை அதை வாயில் வைக்கும், அம்மாவிடம் கொடுக்கும், தரையில் தட்டிச் சத்தம் கேட்கும். அந்தக் குழந்தைக்குக் கட்டை இன்னும் ஒரு புதிர். அடுக்குவது பற்றிய நினைப்பே எழவில்லை. எல்லாக் குழந்தைக்கும், வீட்டில் கட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், சோதனைக்கு முன் மூன்று நிமிடம் கட்டைகளோடு சும்மா விளையாட விடுவதை விதியாக எழுதிவிடுங்கள். ஒரு சிலருக்கு மட்டும் இரக்கப்பட்டு விடுவதுதான் கூடாது.

சோதனை நடக்கும் அரை மணி நேரம்

பதில் தெரிந்த ஒருவர், அந்தப் பதிலையே குழந்தையிடம் கேட்பது பல சமூகங்களில் வழக்கமில்லை. கையில் பந்தை வைத்துக்கொண்டு "இது என்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டால் குழந்தை விழிக்கும்; பெரியவர் முன் பேசாமலிருப்பதை மரியாதையாகப் பழக்கிய வீடு என்றால் வாயே திறக்காது. "பந்தை எடுத்து வா", "இதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா" என்று வேலை ஏவினால் அதே குழந்தை மூன்று கட்டளையைக் கோத்துச் செய்து முடிக்கும். புரிதலைச் செயலாலும், பேச்சை இயல்பான விளையாட்டில் காதுகொடுத்தும் அளப்பது இதனால்தான்.

மேரி ஐன்ஸ்வொர்த் 1950-களில் உகாண்டாவில் தாய்-சேய்ப் பிணைப்பைக் கவனித்துவிட்டு, பிறகு பால்டிமோரில் உருவாக்கிய 'அந்நியச் சூழல்' சோதனை எட்டுக் கட்டங்கள் கொண்டது. பெரும்பாலானவை மூன்று நிமிடம். தாய் வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதே முக்கியம். ஜப்பானின் சப்போரோவில் செய்தபோது, தேற்றவே முடியாதபடி தாயைப் பற்றிக்கொண்டு அழுத குழந்தைகள் அதிகம். ஜெர்மனியின் பீலஃபெல்டில், திரும்பி வந்த தாயைக் கண்டுகொள்ளாத குழந்தைகள் அதிகம். முன்னதில் குழந்தைகள் தனியாக விடப்பட்டே பழக்கமில்லை; பின்னதில் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்வதைச் சீக்கிரமே எதிர்பார்த்தார்கள். ஒரே மூன்று நிமிடம் இருவருக்கும் ஒரே அளவு துன்பம் அல்ல. வான் ஐசென்டோர்னும் க்ரோனென்பெர்க்கும் 1988-இல் எட்டு நாடுகளின் 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நாடுகளுக்கிடையே இருந்த வேறுபாட்டைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வேறுபாடே பெரிதாக இருந்தது. ஒரு நகரத்து மாதிரியை வைத்து ஒரு நாட்டின் தாய்மார்களைப் பற்றிப் பேச நாக்கு துடிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

நடைமுறைக்கு வருவோம். நாளின் வரிசை இப்படி இருக்கட்டும்: ஒப்புதல், வளர்ச்சிச் சோதனை, தாயிடம் நேர்காணல், உடலளவு, கடைசியில் ரத்தம். அளவுப் பலகையைப் பார்த்து ஒரு முறை அழுத குழந்தை அன்று கட்டை அடுக்காது. ஊசியைப் பார்த்தது மறுமுறை வீட்டுக்கு வந்தாலே ஓடும். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த நேரமாகப் பாருங்கள். மேசை நாற்காலி வேண்டாம், பாய் போதும். இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் சோதிக்க, இன்னொருவர் வாசலில் கூடும் அண்ணன் அக்காக்களையும் பக்கத்து வீட்டாரையும் கொஞ்சம் தள்ளி வைத்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். தாய் எடுத்துக்கொடுப்பது இயல்பு. "அவன் எப்படிச் செய்தாலும் எங்களுக்குப் பயன்தான், சொல்லிக்கொடுக்காமல் பாருங்கள்" என்று முன்கூட்டியே சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். காய்ச்சல், உறக்கம், பயம், மறுப்பு இவற்றைச் சோதனை முடிவில் பதிந்து, தேவைப்பட்டால் ஒரு வாரத்துக்குள் மறுபடி வர வேண்டும். மறுத்தது வேறு, முடியாதது வேறு. இரண்டுக்கும் பூச்சியம் போட்டால் கூச்ச சுபாவமுள்ள குழந்தைகள் எல்லாம் பின்தங்கியவர்கள் ஆகிவிடுவார்கள்.

வாய்ப்பு என்னும் கணக்கு

மேலே சொன்ன உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு நாட்டு ஆய்வில், பிரேசில் நீங்கலாக மற்ற ஐந்து நாடுகளிலும் உடலியக்கப் படிகளைப் பார்த்தார்கள். நல்ல சுகாதாரத்தில் வளர்ந்த குழந்தைகளில் தனியாக உட்கார்வது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள், தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். இவ்வளவு அகலமான சாளரம் இது. சுமார் 4 சதவீதம் குழந்தைகள் கைகாலில் தவழவே இல்லை, நேரே எழுந்துவிட்டார்கள். 'பத்து மாதத்தில் தவழ வேண்டும்' என்று ஒற்றை எண்ணைச் சுவரில் ஒட்டி வைப்பதைவிட இந்தச் சாளரத்தை ஒட்டினால் பெற்றோரின் பதற்றம் பாதி குறையும்.

சார்லஸ் சூப்பர் 1976-இல் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களைப் பற்றி எழுதியது இன்னும் கூர்மையானது. அங்கே குழந்தைக்கு உட்காரப் பழக்கத் தரையில் சிறு குழி தோண்டி, துணியைச் சுற்றி வைத்து உட்காரவைப்பார்கள். கைகொடுத்து நடக்கப் பழக்குவார்கள். அவர்கள் குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிட முன்னதாக உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். யாரும் பழக்காத தவழ்தலில் முந்தவில்லை. 'ஆப்பிரிக்கக் குழந்தைகள் பிறவியிலேயே வேகம்' என்ற விளக்கம் இந்த ஒரு விவரத்தில் அடிபட்டுப்போகிறது. எதிர்ப்பக்கத்தில், பராகுவேயின் காட்டில் வாழ்ந்த ஆச்சே மக்கள், பாம்பும் முள்ளும் நிறைந்த தரையில் குழந்தையை விடாமல் இடுப்பிலேயே வைத்திருந்தார்கள். அக்குழந்தைகள் தனியாக நடக்க இரண்டு வயதை நெருங்கியது. தஜிகிஸ்தானின் கஹ்வோரா தொட்டிலில் கைகாலைக் கட்டி மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள். எனவே உடலியக்கத்தைப் பதிகிற எந்தப் படிவத்திலும், நேற்று ஒரு நாளில் குழந்தை தரையில், இடுப்பில், தொட்டிலில், முதுகுக் கட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்ற கேள்வி இருக்க வேண்டும். 'வழக்கமாக' என்று கேட்காமல் 'நேற்று' என்று கேட்டால்தான் நம்பகமான பதில் வரும்.

மொழியிலும் இதே கதை. மெக்சிகோவின் செல்தால் மாயர் கிராமத்தில் பகல் முழுதும் ஒலிப்பதிவு செய்ததில், குழந்தையை நோக்கி நேராகப் பேசியது மணிக்குச் சராசரி 3.6 நிமிடம்தான். ஆனாலும் அக்குழந்தைகளின் முதல் சொல்லும் சொற்சேர்க்கையும் மற்ற இடங்களின் காலக்கணக்கை ஒட்டியே வந்தன. சுற்றிலும் பேச்சு நிறைந்த வீட்டில் குழந்தை ஒட்டுக்கேட்டும் கற்கிறது. நேரடிப் பேச்சுக்குப் பயனில்லை என்று இதைப் படித்துவிடக் கூடாது; யார் யாரிடம் பேசினார்கள் என்பதில் தாயை மட்டும் எண்ணும் படிவம் அக்கா, பாட்டி, தெருப் பிள்ளைகளை விட்டுவிடுகிறது என்பதே நமக்கு வேண்டிய பாடம்.

தலையீடு ஏன் ஓரிடத்தில் பலிக்கிறது

ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சாலி கிரந்தம்-மெக்கிரிகர் நடத்திய சோதனையில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள், 9 முதல் 24 மாத வயது. இரண்டு ஆண்டுகள், ஒரு சாராருக்கு வாரம் ஒரு மணி நேர விளையாட்டு வருகை. ஒரு சாராருக்கு வாரம் ஒரு கிலோ பால்மாவு. ஒரு சாராருக்கு இரண்டும். மீதிப் பேருக்கு எதுவும் இல்லை. இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது விளையாட்டு கிடைத்தவர்களின் வருமானம் சுமார் 25 சதவீதம் கூடுதல் என்று 2014-இல் வெளியானது. பால்மாவு மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

இந்த எண்ணைச் சொல்லிப் பல இடங்களில் திட்டங்கள் தொடங்கப்பட்டன. நகலெடுத்தபோது தொலைந்தது அந்த ஒரு மணி நேரத்தின் உள்ளடக்கம். சுகாதாரப் பணியாளர், வீட்டுக் கழிவுப் பொருள்களில் செய்த பொம்மையோடு வருவார். தாயும் குழந்தையும் விளையாட, தான் இடையில் காட்டிக்கொடுப்பார். பொம்மையை வீட்டில் விட்டுப்போய் அடுத்த வாரம் மாற்றுவார். பெருந்திட்டங்களில் நடப்பது வேறு: பணியாளரே குழந்தையோடு விளையாடுவார், தாய்க்கு அது ஓய்வு நேரமாகி அடுப்படிக்குப் போய்விடுவார். ஒரு மணி இருபது நிமிடமாகச் சுருங்கும். பொம்மை அழுக்காகும் என்று அலமாரியில் ஏறும். மேற்பார்வையாளர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்தை மட்டும் பார்ப்பார். ஒரு வருகையைக் கவனிக்கப் போனால் ஒரே ஒரு விஷயத்தைக் குறித்தால்கூடப் போதும்: பொம்மை யார் கையில் எத்தனை நிமிடம் இருந்தது. தாயின் கையில் பாதி நேரமாவது இல்லையென்றால் அந்த வருகை நடந்ததாகக் கணக்கில் வைக்க வேண்டாம்.

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ஆயிஷா யூசுஃப்சாய் குழு, அரசின் பெண் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டே 1,489 தாய்-சேய் இணைகளிடம் செய்ததில், குழந்தையோடு பேசி விளையாடத் தாய்க்குச் சொல்லிக்கொடுக்கும் தூண்டல் பயிற்சி நல்ல பலன் தந்தது; ஊட்டச்சத்தைக் கூடச் சேர்த்ததால் வளர்ச்சியில் கூடுதல் ஏற்றம் இல்லை. ஒருவரின் தலையில் இரண்டு வேலையை ஏற்றும்போது இரண்டும் முழுதாக நடந்ததா என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். கொலம்பியாவில் 96 நகராட்சிகளில் 18 மாத வருகைக்குப் பின் அறிதிறனில் 0.26 திட்டவிலக்க ஏற்றம். இரண்டு ஆண்டு கழித்து அது மறைந்திருந்தது. இறுதி அளவீட்டை நிறைவு விழா அன்றே செய்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இந்தப் பின்பாதியைப் பார்ப்பதே இல்லை. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் 2018-19-இல் முடிவு வெளியான சோதனைகளில், கழிப்பறையும் கைகழுவலும் நீர்ச் சுத்திகரிப்பும் குழந்தைகளின் உயர வளர்ச்சியைக் கூட்டவில்லை. சுகாதாரம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. வீட்டளவில் செய்த எளிய ஏற்பாடு, கிருமி நிறைந்த சுற்றுப்புறத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

மாதிரி அளவு பற்றி ஒரே ஒரு கணக்கு. ஊர் ஊராகப் பிரித்துச் சோதிக்கும்போது ஒரே ஊர்க் குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஊருக்கு 20 குழந்தை, அந்த ஒத்திருப்பின் அளவைச் சொல்லும் உள்ளொற்றுமைக் கெழு 0.05 என்றால், மாதிரி அளவைப் பெருக்க வேண்டியது 1 + 19 × 0.05 = 1.95. தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தால் 400 போதும் என்ற இடத்தில் 780 வேண்டும். ஊருக்கு இன்னும் பத்துக் குழந்தையைச் சேர்ப்பதைவிட இன்னும் பத்து ஊரைச் சேர்ப்பது மேல்.

களத்தில் கண்டதை என்ன செய்வது

அளக்கப் போகிறவர் கண்ணில் படாமல் இருக்காது: கைச்சுற்றளவு 115-க்குக் கீழ், இரண்டு பாதமும் வீங்கிய குழந்தை, சத்தத்துக்குத் திரும்பாத குழந்தை, 18 மாதமாகியும் தனியாக நடக்காத குழந்தை, அடிக்கடி வலிப்பு வருவதாகத் தாய் சொல்கிற குழந்தை. முதல் இரண்டுக்கும் அன்றே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். யாரிடம், எந்தக் கிழமை, போக்குவரத்துச் செலவு யாருடையது, கூடவே யார் போவது என்பதெல்லாம் முதல் வீட்டுக்குள் நுழையும் முன் எழுத்தில் முடிவாகியிருக்க வேண்டும். அனுப்பியவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று இரண்டு வாரம் கழித்து விசாரிப்பதும் ஆய்வுச் செலவிலேயே சேரும்.

"என் குழந்தை எப்படி?" என்று தாய் கட்டாயம் கேட்பார். ஆய்வுக் கருவியின் மதிப்பெண்ணைச் சொல்லக் கூடாது; அது குழுவுக்காகச் செய்தது, ஒரு குழந்தையின் மீது வைக்க அதற்குத் தகுதியில்லை. உயரம், எடை, கைச்சுற்றளவைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். அன்று குழந்தை செய்து காட்டியதில் இரண்டைச் சொல்லலாம். கவலைக்குரியது தெரிந்தால், "இதை ஒரு டாக்டர் பார்க்கட்டும்" என்று இடத்தையும் நாளையும் சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும். நோயின் பெயர் எதையும் கள ஆய்வாளர் வாயிலிருந்து வரவிடக் கூடாது. பயிற்சியின் கடைசி நாளில் இந்தப் பேச்சை மட்டும் ஒவ்வொருவரையும் இரண்டு முறை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அளவுப் பலகையில் தேறியவர்கள் பலர் இதில் தடுமாறுவார்கள்.